அத்தியாயம் 9: ஃபோகஸரை மாற்றுதல்

பள்ளி மைதானத்தில் தொலைநோக்கி வைத்து வானம் காட்டுகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. சனிக்கோளைப் பார்வைக்குள் கொண்டுவந்து, கூர்மையாகத் தெரியும்படி வைத்துவிட்டு, வரிசையில் முதலில் நிற்கும் பிள்ளையை அழைக்கிறோம். அவள் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "மங்கலா இருக்கு சார்" என்கிறாள். அவள் சொல்வது சரிதான். நம் கண்ணுக்குச் சரியான இடம் அவள் கண்ணுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. கிட்டப்பார்வை உள்ளவருக்கு ஐபீஸ் சற்று உள்ளே போக வேண்டும். தூரப்பார்வை உள்ளவருக்குச் சற்று வெளியே வர வேண்டும். "அந்தக் குமிழைக் கொஞ்சம் திருப்பிப் பாரும்மா" என்கிறோம். அவள் தொட்டதும் சனி துள்ளுகிறது, ஒரு பக்கமாக நழுவுகிறது, சரியான இடத்தைத் தாண்டி மறுபடி மங்குகிறது. பிள்ளை கையை எடுத்துக்கொள்கிறாள். தான் எதையோ கெடுத்துவிட்டதாக நினைக்கிறாள்.

அவள் எதையும் கெடுக்கவில்லை. அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடியும் நன்றாகவே இருக்கலாம். குறை பெரும்பாலும் ஐபீஸைத் தாங்கி முன்னும் பின்னும் நகர்த்தும் ஃபோகஸரில்தான் இருக்கும். விலை குறைந்த தொலைநோக்கிகளில் தயாரிப்பாளர்கள் முதலில் சிக்கனம் பிடிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. இந்த அத்தியாயம் அதை எப்படிச் சோதிப்பது, எப்போது பழையதையே சீராக்கினால் போதும், எப்போது புதியது வாங்க வேண்டும், வாங்கியதை எப்படிப் பொருத்துவது என்று வரிசையாகச் சொல்கிறது. எடுத்துக்காட்டுக்கு 150 மி.மீ. விட்டமும் 750 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட எஃப்/5 நியூட்டோனியன் தொலைநோக்கியை எடுத்துக்கொள்கிறேன். மற்ற வகைகளுக்கான குறிப்புகள் கடைசியில் உள்ளன.

எவ்வளவு நுண்மை வேண்டும்?

படிமம் கூர்மையாகத் தெரியும் இடம் மிக மெல்லிய ஒரு பட்டை. அதன் தடிமனைத் தீர்மானிப்பது எஃப் எண், அதாவது குவியத் தொலைவைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்து வரும் எண். எஃப் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 1.1ஆல் பெருக்குங்கள். சரியான இடத்திலிருந்து இருபுறமும் எத்தனை மைக்ரான் விலகலாம் என்பதற்கான விடை அது. (1.1 என்பது பச்சை ஒளியின் அலைநீளமான 0.55 மைக்ரானின் இரு மடங்கு.)

- எஃப்/4: இருபுறமும் 18 மைக்ரான்
- எஃப்/5: 28 மைக்ரான்
- எஃப்/6: 40 மைக்ரான்
- எஃப்/8: 70 மைக்ரான்
- எஃப்/10: 110 மைக்ரான்

நம் எஃப்/5 தொலைநோக்கியில் இரண்டு பக்கமும் சேர்த்து 55 மைக்ரான்தான் கிடைக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ஃபோகஸரின் அச்சுத்தண்டு 6 மி.மீ. விட்டமுள்ளது என்று வைத்துக்கொள்வோம். குமிழை ஒரு முழுச் சுற்று திருப்பினால் உள்குழாய் ஏறக்குறைய 19 மி.மீ. நகரும். ஒரு பாகை திருப்பினால் 52 மைக்ரான். கூர்மையான பட்டை முழுவதும் ஒரே பாகைத் திருப்பலில் கடந்துபோய்விடுகிறது. எவ்வளவு பழகிய கைக்கும் இது கடினம்.

இரட்டை வேக ஃபோகஸரின் பயன் இங்கே தெரியும். பெரிய குமிழின் நுனியில் பொருத்திய சின்னக் குமிழ் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நகர்த்தும். ஒரு பாகையில் முடிந்துபோன வேலைக்கு இப்போது பத்துப் பாகை இடம் கிடைக்கிறது.

பார்வைக் குறைபாட்டுக்கான நகர்வையும் கணக்கிடலாம். ஐபீஸின் குவியத் தொலைவை அதே எண்ணால் பெருக்கி 1000ஆல் வகுத்தால், ஒரு டையாப்டருக்கு எத்தனை மி.மீ. நகர்த்த வேண்டும் என்பது வரும். 10 மி.மீ. ஐபீஸில் ஒரு டையாப்டருக்கு 0.1 மி.மீ. மைனஸ் 2 கண்ணாடி அணிந்த பிள்ளை, அதைக் கழற்றிவிட்டுப் பார்க்க 0.2 மி.மீ. உள்ளே தள்ள வேண்டும். பெரிய குமிழில் அது நாலு பாகை. சின்னக் குமிழில் நாற்பது பாகை. முதல் முறை தொடுகிற கைக்கு நாற்பது பாகை வசப்படும்.

மூன்று வகைகள்

*பல்சட்ட வகை.* ரேக் அண்ட் பினியன் என்று கடையில் கேட்டால் தருவார்கள். உள்குழாயின் முதுகில் பல்வரிசை இருக்கும். குமிழின் தண்டில் இருக்கும் பற்சக்கரம் அதைத் தள்ளும். மலிவானவற்றில் பற்களுக்கு இடையே இடைவெளி அதிகம். திசை மாற்றித் திருப்பும்போது குமிழ் சற்றுத் தூரம் வெறுமனே சுற்றும். ஆனால் நன்றாகக் கடைந்த பல்சட்டம் வழுக்காது. கனமான கேமராவை அசையாமல் தாங்கும். அதனால் விலை உயர்ந்த ஒளிப்படத் தொலைநோக்கிகளிலும் இதே வகையைப் பார்க்கலாம்.

*க்ரேஃபோர்டு வகை.* இதில் பற்களே இல்லை. உள்குழாயின் ஒரு பக்கத்தை நான்கு பேரிங்குகள் தாங்கும். எதிர்ப்பக்கத்தில் வழவழப்பான எஃகுத் தண்டு ஒன்று குழாயை அழுத்திக்கொண்டிருக்கும். தண்டு சுழலும்போது உராய்வின் பிடிப்பில் குழாய் நகரும். பல் இல்லாததால் வெறும் சுற்றும் இல்லை. இங்கிலாந்தில் க்ரேஃபோர்டு மேனர் ஹவுஸ் வானியல் சங்கத்தைச் சேர்ந்த ஜான் வால் இதை உருவாக்கினார். பிரிட்டிஷ் வானியல் சங்கத்தின் இதழில் 1971இலும், 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழில் 1972இலும் அதன் விவரங்கள் வெளிவந்தன. அவர் காப்புரிமை வாங்கவில்லை. யாரும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இன்று தைவானின் ஜிஎஸ்ஓ தரும் எளிய ஃபோகஸர் முதல் அமெரிக்காவின் ஃபெதர் டச் வரை அந்தக் கருத்து ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் லேத் பட்டறையிலும் அதைச் செய்யச் சொல்ல முடிகிறது என்றால் அதற்கு அவருடைய பெருந்தன்மையும் ஒரு காரணம்.

*திருகு வகை.* ஜாடி மூடியைப் போல முழு உடலையும் சுழற்றி ஏற்றி இறக்குவது. உயரம் குறைவு, எடையும் குறைவு. ஆனால் எளிய மாதிரிகளில் ஐபீஸும் கூடவே சுழலும்.

வாங்கும் முன் ஐந்து சோதனைகள்

1. உள்குழாயைப் பாதி வெளியே கொண்டுவந்து, விரல்களால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கைக்குத் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

2. லேசர் கொலிமேட்டரைப் பொருத்தி, உள்குழாயை முழுதும் உள்ளே, பிறகு முழுதும் வெளியே ஓட்டுங்கள். முதன்மைக் கண்ணாடியில் விழும் புள்ளி ஓரிடத்தில் நிற்க வேண்டும். அலைந்தால் குழாய் சாய்ந்து ஓடுகிறது. அதற்கு முன் லேசரையே சோதித்துவிடுங்கள். அதை இருந்த இடத்தில் சுழற்றும்போது புள்ளி வட்டமடித்தால் கோளாறு லேசரில் இருக்கிறது.

3. குமிழைத் திசை மாற்றித் திருப்புங்கள். குழாய் நகரத் தொடங்கும்முன் குமிழ் எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று பாருங்கள்.

4. உங்களிடம் உள்ளதில் கனமான ஐபீஸைப் போட்டு, ஃபோகஸர் நேர்மேலாகவோ நேர்கீழாகவோ நிற்கும்படி குழாயைத் திருப்புங்கள். ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். குழாய் இறங்கினால் அது வழுக்குகிறது.

5. இதைத் தவறாமல் செய்யுங்கள்: ஃபோகஸரைத் தொடாமல் தொலைநோக்கிக் குழாயின் முனையை விரலால் தட்டுங்கள். குமிழைத் தொடும்போது வரும் அதே நடுக்கம் வந்தால் கோளாறு முக்காலியில். புது ஃபோகஸர் அதைத் தீர்க்காது. காசை முக்காலிக்குச் செலவிடுங்கள்.

பழையதைச் சீராக்குதல்

முதல் மூன்று சோதனைகளில் தெரிந்த குறைகளைப் பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் குறைத்துவிடலாம். தொழிற்சாலையில் பூசும் பிசின் போன்ற கிரீஸ், குழாயின் ஆட்டத்தை மறைக்கவே இருக்கிறது. குளிரில் அது இறுகும். வெயில் காலத்தில் இளகி வழியும்.

பற்சக்கரத்தை மூடியிருக்கும் சிறு தகட்டின் திருகுகளைக் கழற்றி, குமிழும் தண்டும் சேர்ந்த பகுதியை எடுங்கள். உள்குழாயை உருவுங்கள். பழைய கிரீஸைத் துணியால் துடைத்து, மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள். உள்குழாய் ஓடும் துவாரத்துக்குள், நீளவாக்கில் மூன்று இடங்களில், ஒட்டும் பசையுள்ள மெல்லிய டெஃப்லான் பட்டைகளை ஒட்டுங்கள். குழாய் இறுக்கமாக, ஆனால் சிக்காமல் ஓட வேண்டும். பிளம்பர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பில் பசை இல்லாததால் அது சுருண்டு வந்துவிடும். பற்களில் மட்டும் துளி லித்தியம் கிரீஸ் வையுங்கள். தகட்டை மீண்டும் பொருத்தும்போது திருகுகளைக் கால் கால் சுற்றாக மாறி மாறி இறுக்குங்கள். வெறும் சுற்று மறைந்து, குமிழ் கனக்காமல் இருக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

நுண்மையைக் கூட்டவும் செலவில்லாத வழி உண்டு. துணி காயப்போடும் கிளிப் ஒன்றைக் குமிழைக் கவ்வவிட்டு, அதன் நுனியை விரலால் மெல்லத் தள்ளுங்கள். குமிழின் விட்டம் 30 மி.மீ. என்றால் அதன் விளிம்பு மையத்திலிருந்து 15 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. கிளிப்பின் நுனி 60 மி.மீ. தூரத்தில் இருந்தால் விரலுக்கு நான்கு மடங்கு நுண்மை கிடைக்கிறது. இவ்வளவும் செய்து ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். குறை தீர்ந்துவிட்டால் மீதி அத்தியாயம் இப்போதைக்கு உங்களுக்குத் தேவையில்லை.

அளந்த பிறகே பணம்

ஃபோகஸர் வாங்கி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தில்தான் ஏமாறுகிறார்கள். பொருள் தரமாகவே இருக்கும்; ஆனால் படிமம் விழும் இடத்துக்கு ஐபீஸை இறக்க முடியாது. எனவே முதலில் குவியத் தளம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

நிலா உள்ள இரவில், பழைய ஃபோகஸரைக் கழற்றிவிட்டு, தொலைநோக்கியை நிலாவை நோக்கித் திருப்புங்கள். துளைக்கு மேலே வெண்ணெய்த்தாளைப் பிடித்து, மெல்ல ஏற்றி இறக்குங்கள். ஓரிடத்தில் நிலா சின்னதாக, கூர்மையாக அந்தத் தாளில் விழும். 750 மி.மீ. குவியத் தொலைவுக்கு அது ஏறக்குறைய 7 மி.மீ. அகலம் இருக்கும். குழாயின் சுவரிலிருந்து தாள் வரை உள்ள உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். இந்த எண்தான் உங்கள் ஷாப்பிங் பட்டியல். 90 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

கண்ணால் பார்க்க: புதிய ஃபோகஸரின் முழுதும் உள்ளிழுத்த உயரம், வளைந்த அடித்தட்டையும் ஐபீஸ் அடாப்டரையும் சேர்த்து, 90 மி.மீ.யைவிட 15 மி.மீ.யாவது குறைவாக இருக்கட்டும். ஐபீஸுக்கு ஐபீஸ் குவியம் சற்று மாறும். கிட்டப்பார்வைக்கும் இடம் வேண்டும்.

கேமராவுக்கு: டிஎஸ்எல்ஆர் கேமராவும் டி-வளையமும் சேர்ந்து 55 மி.மீ. ஆழம் கேட்கும். கேனான் ஈஎஃப் உடலின் உள்ளாழம் 44 மி.மீ., நிக்கான் எஃப் உடலுக்கு 46.5 மி.மீ.; மீதியை டி-வளையம் நிரப்பி இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும். 90இல் 55 போனால் ஃபோகஸருக்கு மிஞ்சுவது 35 மி.மீ. மட்டுமே. குள்ளமான ஃபோகஸருக்குக்கூட இது நெருக்கடி. அப்போது பார்லோ லென்ஸ் போடலாம், அல்லது முதன்மைக் கண்ணாடியைக் குழாய்க்குள் மேலே நகர்த்தலாம். அதை 30 மி.மீ. உயர்த்தினால் குவியத் தளமும் 30 மி.மீ. வெளியே வரும்.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. குழாயின் நடுவிலிருந்து குவியத் தளம் வரையுள்ள தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், சாய்வுக் கண்ணாடியின் இடத்தில் ஒளிக்கூம்பின் அகலம் கிடைக்கும். குழாயின் வெளிவிட்டம் 180 என்றால் 90 + 90 = 180; அதை 5ஆல் வகுத்தால் 36 மி.மீ. தளம் 30 மி.மீ. உயர்ந்தபின் 210ஐ 5ஆல் வகுக்க 42 மி.மீ. சாய்வுக் கண்ணாடியின் குறுகிய அகலம் 42க்கு மேல் இல்லாவிட்டால், வரும் ஒளியின் ஓரம் வீணாகும்.

2 அங்குலமா, 1.25 அங்குலமா என்பதையும் கணக்கே சொல்லட்டும். 1.25 அங்குல ஐபீஸுக்குள் அதிகபட்சம் 27 மி.மீ. அகலப் படிமம் அடங்கும்; 2 அங்குலத்தில் 46 மி.மீ. நம் தொலைநோக்கியில் இவை முறையே 2 பாகை, 3.5 பாகை வானம். கார்த்திகைக் கூட்டம் முதலாவதிலேயே அடங்கும். ஏறக்குறைய 3 பாகை நீளமுள்ள ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளை முழுதாகப் பார்க்க 2 அங்குலம் வேண்டும். கோள்களை மட்டுமே பார்ப்பவருக்கு அந்த அகலம் தேவையில்லை.

எடையையும் கவனியுங்கள். பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு அலுமினியம் வைத்தால் முன்பக்கம் கனக்கும். டாப்சோனியனில் அரை கிலோ கூடினாலே குழாய் தானாகக் குனியத் தொடங்கும். இரும்புக் குழாயாக இருந்தால் வால்பக்கம் காந்தங்களை ஒட்டிச் சமன்செய்யலாம்.

பொருத்துதல்

*முதலில் கண்ணாடிகளைக் கழற்றுங்கள்.* என் முதல் மாற்றத்தின்போது முதன்மைக் கண்ணாடியைக் கழற்றச் சோம்பல்பட்டு, பழைய துணியால் மூடிவிட்டுத் துளையிட்டேன். துணியை எடுக்கும்போது அதில் தங்கியிருந்த இரும்புத் துகள்கள் கண்ணாடியில் கொட்டின. துணி நுனியால் அவற்றைத் தட்டிவிட்டபோது இரண்டு கீறல்கள் விழுந்தன. அலுமினியப் பூச்சின் தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான். அது எதையும் தாங்காது. அந்தக் கீறல்கள் இன்றும் இருக்கின்றன. நீங்கள் அந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். கழற்றும்முன் கண்ணாடித் தாங்கியிலும் குழாயிலும் பென்சிலால் ஒரே நேர்கோடு போட்டுக்கொண்டால் திரும்ப அதே நிலையில் வைக்கலாம்.

*அச்சைக் குறியுங்கள்.* புதிய ஃபோகஸரின் மையம் பழைய துளையின் மையத்திலேயே வரட்டும். அடித்தட்டைக் காகிதத்தில் வைத்து வரைந்து வெட்டி, குழாயில் ஒட்டி, திருகுத் துளைகளின் இடத்தில் சென்டர் பஞ்சால் தட்டுங்கள். பஞ்ச் அடிக்காமல் டிரில் வைத்தால் வளைந்த குழாயில் அது வழுக்கி ஓடும்.

*துளையிடுங்கள்.* குழாயின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பெயின்ட் உரியாது. துளை கீழ்நோக்கி இருக்கும்படி குழாயைக் கிடத்தினால் துகள்கள் வெளியே விழும். முதலில் சிறிய பிட், பிறகு பெரியது. பெரிய துளையை அகலப்படுத்த அரைவட்ட அரம் போதும், பொறுமை வேண்டும். பிசிறுகளை அரத்தால் நீக்கி, வெட்டிய விளிம்புக்கு மினுக்கமில்லாத கறுப்பு பெயின்ட் பூசுங்கள். இரும்புக் குழாயானால் துருவும் ஏறாது.

*நேராக்குங்கள்.* சாய்வுக் கண்ணாடியை வைக்கும்முன் இதைச் செய்யுங்கள். நீளமான காகிதத்தைக் குழாயைச் சுற்றிச் சுற்றளவுக்கு வெட்டி, சரிபாதியாக மடியுங்கள். ஒரு முனையைத் துளையின் மையத்துக்கு நேரே வைத்தால், மடிப்பு வருமிடம் எதிர்ச்சுவர். குழாயின் வாய்விளிம்பிலிருந்து துளையின் மையம் உள்ள அதே தூரத்தில், எதிர்ச்சுவரின் உட்பக்கம் ஒரு புள்ளி வையுங்கள். லேசரை ஃபோகஸரில் போட்டால் ஒளி அந்தப் புள்ளியில் விழ வேண்டும். விலகினால், அடித்தட்டின் எந்த மூலையை உயர்த்த வேண்டுமோ அங்கே மெல்லிய வாஷரோ குளிர்பானக் கேனின் தகடோ வைத்து, விழும்வரை திருத்துங்கள்.

*கண்ணாடிகளை வைத்து ஒளியச்சைச் சீர்செய்யுங்கள்.* ஃபோகஸர் வழியே பார்க்கும்போது சாய்வுக் கண்ணாடி வட்டமாக, நடுவில் தெரிய வேண்டும். பிறகு முதன்மைக் கண்ணாடி. முழு முறையும் 6ஆம் அத்தியாயத்தில் உள்ளது. முடிந்ததும் உள்குழாயை முழுதும் உள்ளே ஓட்டி, ஒளிப்பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீட்டினால், குவியத்துக்கு வெளியே விட்ட நட்சத்திர வட்டின் ஓரத்தில் கடித்தது போல ஒரு பள்ளம் தெரியும்.

மற்ற வகைத் தொலைநோக்கிகள்

*ஷ்மிட்-காசக்ரெய்ன்.* இதில் குமிழைத் திருப்பும்போது முதன்மைக் கண்ணாடியே நகர்கிறது. நகரும்போது சற்றுச் சாய்வதால் படிமம் ஒதுங்குகிறது. பின்புறத் திருகில் ஒரு க்ரேஃபோர்டு பொருத்துங்கள். பழைய குமிழால் தோராயமாக வைத்துவிட்டு, நுண்மையைப் புதியதால் முடியுங்கள். பழைய குமிழைக் கடைசியாகத் திருப்பும் திசை, கண்ணாடியை ஈர்ப்புக்கு எதிராக மேலே தள்ளும் திசையாக இருக்கட்டும். அப்போது அது பிறகு சரியாது.

*லென்ஸ் தொலைநோக்கி.* குழாயின் உள்விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் மூன்று திசையில் அளந்து சராசரி எடுத்து, லேத் பட்டறையில் இணைப்பு வளையம் கடையச் சொல்லுங்கள். கையில் பழைய ஃபோகஸரையும் கொண்டுபோனால் பட்டறைக்காரருக்கு விளக்கம் தேவைப்படாது.

ஒளிப்படம் எடுப்பவர்களுக்கு

அலுமினியக் குழாய் ஒரு மீட்டர் நீளமிருந்தால், 5 பாகை செல்சியஸ் குளிர்ந்ததும் 0.115 மி.மீ. சுருங்கும். எஃப்/5இல் நமக்கு இருபுறமும் கிடைப்பது 0.028 மி.மீ. மட்டுமே. மாலையில் வைத்த குவியம் நள்ளிரவில் நிற்காததற்கு இது ஒரு காரணம். மணிக்கொரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரஷ்யரான பாவெல் பக்தினோவ் 2005இல் வடிவமைத்த முகமூடி அதற்கு நல்ல துணை. கோடுகள் வெட்டிய அட்டையைக் குழாயின் வாயில் மாட்டினால் நட்சத்திரம் மூன்று கதிர்களாகத் தெரியும். நடுக்கதிர் மற்ற இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சரியாக வந்தால் குவியம் சரி. ஸ்டெப்பர் மோட்டார் பொருத்துவது அதற்கு அடுத்த படி. அது கைநடுக்கத்தையும் சேர்த்து நீக்கும்.

பராமரிப்பு

க்ரேஃபோர்டின் தண்டில் எண்ணெயோ கிரீஸோ ஒருபோதும் விடாதீர்கள். அது உராய்வால் இயங்குகிற பொருள். எண்ணெய் பட்டால் வழுக்கும். பட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அழுத்தத் திருகை, கனமான ஐபீஸ் வழுக்காத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் தண்டு குழாயில் தடம் பதிக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புக்காற்றை மறக்க வேண்டாம். எஃகுத் தண்டை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

முதல் இரவுச் சோதனை

நடுத்தர ஒளியுள்ள நட்சத்திரம் ஒன்றை 150 மடங்கு பெரிதாக்கத்தில் வையுங்கள். சின்னக் குமிழால் கூர்மையைத் தாண்டி உள்ளே போங்கள், வெளியே வாருங்கள், மறுபடி உள்ளே. நட்சத்திரம் பார்வையின் நடுவிலேயே விரிந்து சுருங்க வேண்டும். கூர்மையான இடத்தில் நிறுத்தி, குமிழிலிருந்து விரலை எடுங்கள். படிமம் அப்படியே நின்றால் பொருத்தியது சரி. நகர்ந்தால் அழுத்தத் திருகுக்குத் திரும்புங்கள்.

நீங்கள் அளந்த எண்களைக் குழாயின் உட்பக்க மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த ஐபீஸ், அடுத்த கேமரா வாங்கும்போது உதவும்.

பிறகு தொலைநோக்கியைப் பள்ளி மைதானத்துக்கு எடுத்துப்போங்கள். இந்த முறை சின்னக் குமிழுக்குப் பளிச்சென்ற நிறத்தில் டேப் சுற்றுங்கள். பிள்ளையிடம், "மங்கலா இருந்தா இதை மட்டும் திருப்பிக்கோ, எந்தப் பக்கம்னாலும் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு ஓரடி தள்ளி நில்லுங்கள். அவளுக்கு நாற்பது பாகை இடம் இருக்கிறது. வளையத்தை அவளே கண்டுபிடித்துக்கொள்வாள்.